விமான விபத்துக்கு ஒற்றைக் காரணம் ஏன் கிடைப்பதில்லை?

ஒரு விமானம் விழுந்த சில மணி நேரத்திலேயே கேள்வி வந்துவிடுகிறது: எஞ்சின் கோளாறா, விமானியின் தவறா? மறுநாளைக்குள் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பார்கள். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து விசாரணை அறிக்கை வரும்போது அதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. திறந்து பார்த்தால் அங்கே காரணம் என்று ஒன்று மட்டும் இருக்காது. ஐந்தாறு காரணங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். அவற்றில் ஏதேனும் ஒன்றை உருவியிருந்தால்கூட அன்று அந்த விபத்து நடந்திருக்காது. விமானப் பயணம் இவ்வளவு பாதுகாப்பாக இருப்பது எப்படி, அப்படியிருந்தும் எப்போதாவது ஒன்று விழுவது ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தக் கோவையில்தான் இருக்கிறது.

சுவிட்சைப் போட்டவர் மட்டும்தானா?

ஒரு வீட்டில் சமையல் எரிவாயு வெடிக்கிறது. அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல் விட்டு மாதங்கள் ஆகியும் மாற்றவில்லை. முதல் நாள் இரவு ரெகுலேட்டரை மூட மறந்துவிட்டார்கள். குளிர் என்று ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எரிவாயுவில் நாற்றமுள்ள ரசாயனம் கலக்கப்படுகிறது. ஆனால் காலையில் முதலில் எழுந்தவருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. அவர் சமையலறை விளக்கின் சுவிட்சைப் போட்டார்.

சுவிட்சைப் போட்டதால் வெடித்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் எழுதிவைத்தால், அடுத்த வீட்டில் யாரும் குழாயை மாற்றமாட்டார்கள்.

குழாய், ரெகுலேட்டர், ஜன்னல், நாற்றம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காப்பு அடுக்கு. விமானத்திலும் இப்படித்தான்: வடிவமைப்பு, பராமரிப்பு, விமானிகளின் பயிற்சி, கட்டுப்பாட்டு அறை, எச்சரிக்கைக் கருவிகள் என்று அடுக்கடுக்காகக் காப்பு இருக்கிறது. எந்த அடுக்கும் ஓட்டை இல்லாதது அல்ல. பல அடுக்குகளின் ஓட்டைகள் ஒரே நேரத்தில் நேர்கோட்டில் அமையும்போதுதான் விபத்து நடக்கிறது என்று விளக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன். அவர் தவறுகளை இரண்டாகப் பிரித்தார். சுவிட்சைப் போடுவதுபோல அந்த நொடியில் நடப்பது உடனடித் தவறு. விரிசல் விட்ட குழாய்போல மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் காத்திருப்பது உறங்கும் தவறு.

விமானி கடைசி அடுக்கில் உட்கார்ந்திருப்பவர். அதனால் பெரும்பாலான விபத்துகளில் அவர் பெயர் அடிபடும். உறங்கும் தவறுகளைச் செய்தவர்கள் அன்று விமானத்திலேயே இருந்திருக்கமாட்டார்கள்.

எஞ்சின் நின்றால் என்ன ஆகும்?

விமானத்தைத் தூக்கி நிறுத்துவது எஞ்சின் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது இறக்கை. முன்னோக்கிப் பாயும்போது இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விளைவாக இறக்கைக்குக் கிடைக்கும் மேல்நோக்கிய விசையே ஏற்றுவிசை. எஞ்சினின் வேலை வேகத்தைக் கொடுப்பது. எல்லா எஞ்சின்களும் நின்றுபோனால் விமானி மூக்கைச் சற்றே தாழ்த்தி, உயரத்தைச் செலவழித்து வேகத்தைக் காப்பாற்றுவார். பெரிய பயணிகள் ஜெட் ஒன்று 1 கி.மீ. உயரம் இழப்பதற்குள் ஏறக்குறைய 15 கி.மீ. தூரம் மிதந்து போகும். 10 கி.மீ. உயரத்தில் எஞ்சின் நின்றால் 150 கி.மீ. தூரத்துக்குள் விமான நிலையம் தேட அவகாசம் இருக்கிறது.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. எரிபொருள் அளவுகாட்டி பழுதாகியிருந்ததால் கையால் கணக்கிட்டு நிரப்பியிருந்தார்கள். அந்த ரக விமானம் கிலோகிராமில் கணக்கு வைப்பது. கணக்கிட்டவர்களோ பவுண்டுக்கான எண்ணைப் போட்டுவிட்டார்கள். 22,300 கிலோ ஏற வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு, அதாவது தேவையில் பாதிக்கும் குறைவு, ஏறியிருந்தது. விமானம் மிதந்தே சென்று கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறங்கியது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். 2001 ஆகஸ்ட் 24 அன்று ஏர் ட்ரான்சாட் ஏர்பஸ் ஏ330 ஒன்றில் தவறாகப் பொருத்தப்பட்ட ஒரு பாகம் உராய்ந்து எரிபொருள் குழாயை ஓட்டையாக்கியது. அட்லாண்டிக் கடலுக்கு மேல் இரண்டு எஞ்சின்களும் நின்றன. அது ஏறக்குறைய 19 நிமிடம் மிதந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இரண்டு நிகழ்வுகளிலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் எஞ்சின் நின்றால் மற்றொன்று காப்பாற்றும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் இரண்டுக்கும் பொதுவான எரிபொருள் இல்லாமல் போனபோது அந்த ஏற்பாடு கைகொடுக்கவில்லை. இதைப் பிறகு மறுபடியும் பார்ப்போம்.

ஸ்டால்: மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட சொல்

கார் ஸ்டாலாகிவிட்டது என்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்று பொருள். விமானத்தில் ஸ்டால் என்றால் இறக்கை வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று பொருள். எஞ்சின்கள் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதும் விமானம் ஸ்டாலாகும்.

எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள சாய்வுதான் தாக்குகோணம். இதைக் கூட்டக் கூட்ட ஏற்றுவிசையும் கூடும், ஓர் எல்லை வரை. பொதுவாக 15 டிகிரியை ஒட்டிய அந்த எல்லையைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிய்ந்து சிதறும், ஏற்றுவிசை சரியும். இதிலிருந்து மீள ஒரே வழி மூக்கைத் தாழ்த்தித் தாக்குகோணத்தைக் குறைப்பது. விழுந்துகொண்டிருக்கும்போது மூக்கைக் கீழே தள்ள மனம் வராது. கை தானாகவே மேலே இழுக்கப் பார்க்கும். அந்த இயல்பை வெல்வதற்குத்தான் பயிற்சி.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் நடந்தது இதுதான். விமானத்தின் மூக்குப் பகுதியில் முன்னோக்கி நீட்டியிருக்கும் சிறு குழாய்களுக்குப் பிட்டோ குழாய் என்று பெயர். அவற்றுள் புகும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டே வேகம் கணக்கிடப்படுகிறது. புயல் மேகத்தின் பனித்துகள்கள் அவற்றை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் அடைத்தன. வேகம் தெரியாததால் ஆட்டோபைலட் தானே விலகியது. அதுவரை விமானத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. எதையும் மாற்றாமல் அப்படியே வைத்திருந்தாலே போதும், பறந்திருக்கும். ஆனால் கட்டுப்பாட்டில் இருந்த விமானி மூக்கை மேலே இழுத்தார். விமானம் 35,000 அடியிலிருந்து ஏறக்குறைய 38,000 அடிக்கு ஏறி, வேகம் இழந்து ஸ்டாலானது. எஞ்சின்கள் ஓடிக்கொண்டேயிருக்க, நான்கரை நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள்.

ஸ்டால் எச்சரிக்கை ஒலி தொடர்ந்து 54 விநாடி கேட்டது. அப்படியிருந்தும் ஏன் மூக்கைத் தாழ்த்தவில்லை என்பதுதான் பயனுள்ள கேள்வி. இந்தக் கேள்வியிலிருந்து உறங்கும் தவறுகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அந்த ரகப் பிட்டோ குழாய்கள் பனியில் அடைபடுவது முன்பே தெரிந்து, மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. இந்த விமானத்தின் முறை வரவில்லை. அவ்வளவு உயரத்தில் வேகமானி இல்லாமல் கையால் ஓட்டும் பயிற்சி அந்த விமானிகளுக்குத் தரப்படவில்லை. இரு விமானிகளின் கட்டுப்பாட்டுக் கைப்பிடிகளும் இணைக்கப்படாதவை என்பதால், ஒருவர் இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் கொடியது இது: அளக்கப்பட்ட வேகம் 60 நாட் (knot) என்ற அளவுக்குக் கீழே போனால், அதாவது மணிக்கு ஏறக்குறைய 110 கி.மீ.க்குக் கீழே போனால், அந்த அளவீடு நம்பத்தக்கதல்ல என்று கணினி ஸ்டால் எச்சரிக்கையை நிறுத்திவிடும். மூக்கைத் தாழ்த்தியதும் வேகம் சற்றே கூடி எச்சரிக்கை மறுபடி அலறும். சரியானதைச் செய்தால் அலறுகிறது, தவறானதைத் தொடர்ந்தால் அமைதியாகிறது. இருட்டில், சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியவருக்கு இது என்ன சொல்லியிருக்கும்?

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விமானத்தைத் தூக்குவது இறக்கை, அது தோற்பது தாக்குகோணம் மிகும்போது. விமானியின் உடனடித் தவறுக்குப் பின்னால் கருவி, பயிற்சி, வடிவமைப்பு ஆகியவற்றில் உறங்கும் தவறுகள் இருக்கின்றன.

மாற்று ஏற்பாடு உண்மையிலேயே மாற்றுதானா?

முக்கியமான எதையும் விமானத்தில் ஒன்றாக வைப்பதில்லை. ஒன்று போனால் இன்னொன்று என்ற இந்த ஏற்பாட்டுக்கு மாற்றுக்காப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். எரிபொருள் விஷயத்தில் பார்த்ததுபோல, மாற்றுக்காப்பின் பலவீனம் பொதுப்புள்ளிதான்.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 என்ற போயிங் 747 விமானத்தில், திசைதிருப்பும் பாகங்களை இயக்க நான்கு ஹைட்ராலிக் அமைப்புகள் தனித்தனியாக இருந்தன. ஹைட்ராலிக் என்பது அழுத்தப்பட்ட எண்ணெயின் விசையால் கனமான பாகங்களை அசைக்கும் முறை. நான்கின் குழாய்களும் வால் பகுதியில் அருகருகே ஓடின. 1978இல் அந்த விமானத்தின் வால் தரையில் இடித்தது. பயணிகள் பகுதியின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்சுவரைப் பழுதுபார்த்தார்கள். ஒரே தகடாக வைத்து இணைக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டுகளை வைத்தார்கள். அதனால் இரண்டு ஆணிவரிசைகள் தாங்க வேண்டிய பாரம் ஒரே வரிசையின் மேல் விழுந்தது. மேலே ஏறும்போதெல்லாம் சுவர் உப்பும், இறங்கும்போது தளரும். இப்படி 12,000 பறப்புகளுக்கு மேல் அந்த இணைப்பு பொறுத்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று பிளந்தது. பாய்ந்து வெளியேறிய காற்று செங்குத்து வாலைப் பிய்த்தெறிந்தது, நான்கு ஹைட்ராலிக் குழாய்களும் சேர்ந்தே அறுந்தன. 520 பேர் இறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள். சுவரைப் பொருத்தியவர்கள் வேலை முடிந்தது என்று கையெழுத்திட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

போயிங் 737 மேக்ஸ் விவகாரம் இதைவிட எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியது. எம்கேஸ் என்ற மென்பொருள், தாக்குகோணம் மிகுந்துவிட்டது என்று கருதினால் மூக்கைத் தானே கீழே தள்ளும். தாக்குகோணத்தை அளக்கும் உணரிகள் விமானத்தில் இரண்டு இருந்தும், அது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது. அந்த ஒன்று பொய் சொன்னால் தட்டிக்கேட்க ஆளில்லை. இந்த மென்பொருளைப் பற்றி விமானிகளின் கையேட்டிலும் விளக்கப்படவில்லை. 2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் என இரண்டு விமானங்களில் 346 உயிர்கள் போயின. திருத்தப்பட்ட மென்பொருள் இரண்டு உணரிகளையும் ஒப்பிடுகிறது, முரண்பட்டால் விலகிக்கொள்கிறது.

காக்பிட்டில் இன்னொருவர் எதற்கு?

1972 டிசம்பரில் ஈஸ்டர்ன் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் இருந்த அனைவரும் அந்த விளக்கிலேயே மூழ்கினார்கள். ஆட்டோபைலட்டின் உயரப்பிடிப்பு விலகியதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல இறங்கி புளோரிடாவின் சதுப்பில் மோதியது. 1978 டிசம்பரில் யுனைடெட் 173 விமானத்தின் தலைமை விமானி சக்கரக் கோளாறைச் சரிபார்த்தபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமிட்டார். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் தயங்கித் தயங்கி, குறிப்பால் சொன்னார்கள். அது அவர் காதில் ஏறவில்லை. போர்ட்லாந்தின் புறநகரில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது.

இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு 1979இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து உருவானதுதான் சிஆர்எம் (Crew Resource Management) என்ற, காக்பிட்டில் இருப்பவர்கள் ஒருங்கிணைந்து செயல்படுவதற்கான பயிற்சி. ஒருவர் கோளாறைப் பார்த்தால் மற்றவர் விமானத்தை மட்டும் பார்க்க வேண்டும். இளையவர் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மூத்தவர் அதை எதிர்பார்க்க வேண்டும். மரியாதையால் வாய் மூடுவது இங்கே ஓர் ஓட்டை. இதைச் சொல்வது எளிது, மூப்புக்கு மதிப்புக் கொடுத்து வளர்ந்த எவருக்கும் செய்வது கடினம் என்பதால்தான் ஆண்டுதோறும் மீண்டும் பயிற்றுவிக்கிறார்கள்.

ஒரு விபத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்போம்

2010 மே 22 அதிகாலையில் துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 விமானத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே 166 பேர் இருந்தார்கள்.

முதல் அடுக்கு ரேடார். மங்களூரின் ரேடார் அப்போது பழுதாகியிருந்தது. அதனால் வழக்கத்தைவிட நிலையத்துக்கு நெருங்கி வந்த பிறகே இறங்க அனுமதி கிடைத்தது. இரண்டாவது, விழிப்பு. காக்பிட் ஒலிப்பதிவின்படி தலைமை விமானி 90 நிமிடத்துக்கு மேல் தூங்கியிருந்தார். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் சிறிது நேரம் முடிவெடுக்கும் திறன் மந்தமாகவே இருக்கும். மூன்றாவது, இறக்கத்தைத் திட்டமிடுவது. விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரமாக வந்தது.

இங்கேதான் நிலையான இறக்கம் என்ற விதி வருகிறது. ஓடுபாதைக்கு மேல் 1,000 அடி வருவதற்குள் சக்கரம் இறங்கி, இறக்கை மடிப்புகள் விரிந்து, வேகம் சரியாக அமைந்து, நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் இறங்காத நிலையில் விமானம் இருக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் 500 அடி வரை அவகாசம் தருவதும் உண்டு. இதில் ஒன்று பிசகினாலும் இறங்கக் கூடாது. மேலே ஏறி, சுற்றி வந்து மீண்டும் முயல வேண்டும். அதற்குப் பெயர் கோ-அரவுண்ட்.

அன்று துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் என்று சொன்னார். தரை நெருங்குவதை உணர்ந்து எச்சரிக்கும் கருவியும் ஒலித்தது. தலைமை விமானி தொடர்ந்தார். ஏறக்குறைய 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரங்கள் தரையைத் தொட்டன. பின்னோக்கித் தள்ளும் விசையை இயக்கிய பிறகு, மீண்டும் மேலேற முயன்றார். ஓடுபாதை முடிந்து, இறக்கை ஒரு கட்டுமானத்தில் மோதி, விமானம் பள்ளத்தாக்கில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள்.

அடுத்த முறை நீங்கள் பயணிக்கும் விமானம் தரையை நெருங்கிவிட்டு சட்டென்று மேலே ஏறினால் பதற வேண்டாம். காப்பு அடுக்கு ஒன்று செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது.

ஒட்டுப் போட்ட இடத்திலும் ஓட்டை விழும்

1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி, கசகஸ்தான் விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். டிகாஸ் என்ற கருவி இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அது எதிரே வரும் விமானத்தோடு தானே தொடர்புகொண்டு, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்லும்.

2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் உபர்லிங்கனுக்கு மேல் மோதிய இரு விமானங்களிலும் டிகாஸ் இருந்தது. ஒன்றிடம் ஏறு என்று கருவி சொன்னது, இறங்கு என்று கட்டுப்பாட்டாளர் சொன்னார். விமானிகள் மனிதர் சொன்னதைக் கேட்டார்கள். மற்ற விமானம் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் இறங்கி மோதின, 71 பேர் இறந்தார்கள். அந்த இரவு ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், பராமரிப்புக்காகத் தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது. இரண்டு காப்பு அடுக்குகள் முரண்பட்டால் எதைக் கேட்பது என்ற விதி தெளிவாக எழுதப்படாமல் கிடந்ததே பெரிய ஓட்டை. இப்போது அதில் குழப்பம் இல்லை: டிகாஸ் சொன்னால் டிகாஸ்தான்.

விசாரணை எதைத் தேடுகிறது?

சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கைக்கு ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதே, பழி சுமத்துவது அல்ல என்கிறது. முதற்கட்ட அறிக்கை 30 நாளில் வர வேண்டும், இறுதி அறிக்கை இயன்றவரை ஓராண்டுக்குள். முதற்கட்ட அறிக்கையில் என்ன நடந்தது என்பதுதான் இருக்கும். ஏன் நடந்தது என்பதை அதிலிருந்து ஊகிப்பது அவசரம்.

பழி தேடாததற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. தவறைச் சொன்னால் தண்டனை என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். அடைபட்ட பிட்டோ குழாய்போல, விபத்தில் முடியாத சம்பவங்கள் பதிவாகாமல் போகும். வேண்டுமென்றே விதி மீறியவரை இது காப்பாற்றாது. நேர்மையாகத் தவறிழைத்தவர் பேசுவதற்கு இடம் தருகிறது.

பயணியும் ஓர் அடுக்கு

குலுக்கலால் விமானம் உடைந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. பயணத்தில் எதிர்பார்க்கும் மிகப்பெரிய பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும்படி அதன் சட்டகம் செய்யப்படுகிறது. ஆபத்து பெல்ட் போடாதவருக்குத்தான். அவர் கூரையில் மோதுவார். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட் இருக்கட்டும்.

ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் குழந்தைக்கு முன் உங்களுக்கு மாட்டச் சொல்வது ஏன்? 35,000 அடியில் காற்றழுத்தம் போனால் தெளிவாகச் செயல்பட உங்களுக்கு 30 முதல் 60 விநாடிதான் இருக்கிறது. நீங்கள் மயங்கினால் குழந்தைக்கு மாட்ட ஆளில்லை.

பாதிக் கதவுகள் மட்டும் திறந்த நிலையில், இருட்டில், 90 விநாடிக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான ரகத்துக்கு அனுமதி. அந்தச் சோதனையில் யாரும் மேலறையிலிருந்து பெட்டி எடுப்பதில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் மோதி எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள், பெட்டிகளை விட்டுவிட்டு.

உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் அவசர வழி வரை எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் தெரியாது, கை தடவி எண்ணலாம். உயிர்காப்பு உடையை விமானத்துக்குள் ஊதவே கூடாது. 1996இல் கடத்தப்பட்டு, எரிபொருள் தீர்ந்து கொமோரோஸ் கடலோரத்தில் விழுந்த எத்தியோப்பியன் விமானத்தில், உள்ளேயே ஊதிக்கொண்ட பலரை ஏறிவந்த தண்ணீர் கூரையோடு அழுத்திவிட்டது. மூழ்கி நீந்தி கதவுக்கு வர அவர்களால் முடியவில்லை. கதவைத் தாண்டியதும் கயிற்றை இழுங்கள்.